பாலத்தின் முன்னால் நின்ற மிருகம்

அப்பாதுரைக்கு வாய்தான் மூலதனம். பஸ் கண்டக்டர். எவ்வளவு நெரிசலிலும் விசிலுக்கு முன்னால் அவர் குரல் போய்விடும். இறங்க மறந்து தூங்குகிறவனை, பேர் தெரியாவிட்டாலும் மாமன் மச்சான் என்று உறவு சொல்லி எழுப்பிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். மனைவி காந்திமதி சமையல்கட்டிலிருந்து ஒன்று சொன்னால் அவர் வாசலிலிருந்து இரண்டு சொல்வார். கீழ்க்கட்டளையில் அந்தத் தெருவில் பிள்ளை இல்லாத வீடு அது ஒன்றுதான். சத்தம் அதிகம் கேட்கிற வீடும் அதுதான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை தொங்கிப்போயிருந்தது, கால் இழுத்தது. அதையெல்லாம் காந்திமதி தாங்கிக்கொண்டாள். பேச்சு போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மொத்தமாகப் போயிருந்தால்கூடப் பழகியிருக்கும். பஸ் நிறுத்தங்களின் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. யாராவது "தாம்பரம்" என்று எடுத்துக்கொடுத்தால் போதும், "சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம்" என்று மடமடவென ஓடும். ஆனால் எதிரில் நிற்கிற பெண்டாட்டியின் பெயர் வராது. தண்ணீர் என்று சொல்ல வராது. கழுத்து நரம்பு புடைக்க முக்கிப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் முட்டத் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், "அவருக்கு டைம் குடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும் என்கிறாள் போலிருக்கிறது என்று காந்திமதி எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தாம்பரத்துப் பக்கம் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வரிசையாக மெஷின்கள், வரிசையாகப் பெண்கள். ஒருத்தி கை தயங்கினால் பின்னாலிருக்கும் அத்தனை பேர் கையும் நிற்கும். அதனால் யாரும் தயங்குவதற்குள் போய்க் கத்திரியை நீட்டுவதும் நூலை மாட்டுவதும்தான் அவள் வேலை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அப்பாதுரை வாயைத் திறந்தால் போதும், "தண்ணியா? காபியா? ஃபேன் போடணுமா? பாத்ரூம் போணுமா?" என்று அடுக்குவாள். ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டினால் ஓடிப்போய்ச் செய்வாள். எதற்கும் ஆட்டாவிட்டால், "ஒண்ணுமில்லியா? சரி, படுத்துக்கோ மாமா" என்று தலையணையைச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். அவளைவிட நன்றாகப் புருஷனைப் பார்த்துக்கொண்டவள் அந்தத் தெருவில் இல்லை. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

வீடு திரும்பிய புதிதில் அவர் ஒருநாள் தானாக எழுந்து மெயின் ரோடு வரை போய், லாரி ஒன்றின் பக்கத்தில் விழுந்துவிட்டார். அதிலிருந்து அவள் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டு அருள்மேரி பள்ளிக்கூட ஆயா வேலை முடிந்து மதியம் வந்து, மாற்றுச் சாவியால் திறந்து சோறு போடுவாள். அதுவரை டி.வி.தான் அவருக்குத் துணை.

மறு வருஷம் அந்தப் பக்கமெல்லாம் கேபிள் பரவியிருந்தது. அந்தத் தெருவுக்குக் கேபிள் விடுகிறவன் கோபு. மளிகைக் கடை மாடியில் ஒரு அறையில் வீடியோ டெக்கை வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு சேனல் நடத்தினான். ராத்திரி சினிமா, பகலில் பாட்டு. கப்பலில் வேலை பார்க்கும் அவன் சித்தப்பா மகன் ஜப்பானிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் ஒரே தொடர், பொம்மைப் படம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏதாவது ஓட வேண்டுமே என்று கோபு அதைப் போடத் தொடங்கினான்.

ஒரு சின்னப்பெண், பனி மூடிய மலைகளுக்கு நடுவே ஒரு மிருகத்தை ஓட்டிக்கொண்டு போகிறாள். எருமை மாதிரி, ஆனால் யானை உயரம், முதுகில் பாசி படர்ந்து சின்னச் செடிகள்கூட முளைத்திருக்கின்றன. அதன் மேல் ஒரு பெரிய வெண்கல மணி. அதை எங்கோ கடலோரத்தில் ஒரு கோயிலுக்குக் கொண்டுபோகிறாள் என்பது மட்டும் விளங்கியது. பேசுவதெல்லாம் ஜப்பான் பாஷை. தெருவுக்கே பொறுக்கவில்லை. யாரும் யாரையும் துரத்தவில்லை, யார் தலையிலும் பாறை விழவில்லை, இது என்ன பொம்மைப் படம் என்று பிள்ளைகளே எழுந்து போனார்கள். சந்தா வாங்க வந்த கோபுவிடம் காந்திமதியும் தன் பங்குக்குச் சொன்னாள்: "பேஜாரா கீது கோபு. அதுக்குப் பாட்டாவது போடு."

அடுத்த நாள் ஆறு மணிக்குப் பாட்டு வந்தது.

அப்பாதுரை டி.வி.யையே பார்த்தார். காந்திமதியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "தண்ணியா? காபியா?" தலையாட்டவில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். "வலிக்குதா? சவுண்டு ஜாஸ்தியா?" அவள் டி.வி.யை அணைத்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரவு சாப்பிடவில்லை. மறுநாளும் அதே கதை. டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டியதுதான் என்று அவள் பயந்தபோது அருள்மேரி சொன்னாள்:

"அவருக்கு ஒண்ணுமில்லக்கா. அந்தப் பொம்மைப் படத்தத் தேடறாரு. ஆறு மணி ஆனா அண்ணன் கண்ணச் சிமிட்டாம அதத்தான பாப்பாரு. நீ கவனிச்சதில்லியா?"

காந்திமதிக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்தில் அவள் எப்போதும் அடுப்படியில் இருப்பாள். அவர் என்ன பார்க்கிறார் என்று அவள் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே மளிகைக் கடை மாடி ஏறினாள். கோபு ஒயர் குவியலுக்கு நடுவில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த மாட்டுப் படத்தத் திருப்பிப் போடு கோபு."

"நீதானக்கா நிறுத்தச் சொன்ன. தெருவே திட்டுச்சு."

"நான்தான் சொன்னேன். இப்ப நானே போடச் சொல்றேன். தெரு வந்தா என்னாண்ட அனுப்பு."

"புரியுதா இன்னா உனக்கு அது?"

"எனக்குப் புரியல. மாமா பாக்கறாரு."

கோபு டீ தம்ளரைக் கீழே வைத்தான். சின்ன வயதில் அவன் அப்பாதுரையின் பஸ்ஸில் தொங்கி, கையைப் பிடித்து உள்ளே இழுக்கப்பட்டவன். "சரிக்கா," என்றான்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்பை மூட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மலைப்பாதையில் அந்தப் பெண் மிருகத்தின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், வாய் ஓயவில்லை. காந்திமதிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். அப்பாதுரைக்கும் விளங்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் மற்ற நேரங்களில் இருக்கும் தவிப்பு இல்லை. அது ஏன் என்று அவளுக்கு மெதுவாக உறைத்தது. இந்த ஒரு மணி நேரம் பாஷை தெரியாதவர் அவர் மட்டுமில்லை. பார்க்கிற எல்லாரும் அவரைப் போலத்தான்.

நாளாக ஆக அவள் கண் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியது. அந்தப் பெண் ஓடும்போது செருப்பில் ஒட்டிய பனி உதிர்வதைக்கூட வரைந்திருந்தார்கள். சோறு கொதிக்கும்போது மூடி லேசாகத் துள்ளியது. காற்று முதலில் புல்லைத் தொட்டு, பிறகு அவள் முடியைத் தொட்டு, கடைசியில் மிருகத்தின் முதுகுச் செடிகளைத் தொட்டது. தாளில் போட்ட கோடுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கோடு என்று நம்ப முடியவில்லை. மூச்சு விடுகிற உயிராகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் அந்தப் பாலம் வந்தது.

ஆழமான பள்ளத்தாக்கின் மேல் கயிற்றில் தொங்கும் மரப்பாலம். பெண் குதித்துக்கொண்டு ஏறினாள். மிருகம் ஏறவில்லை, நின்றுவிட்டது. பெண் இழுத்தாள். கெஞ்சினாள். புல்லைப் பிடுங்கி வந்து நீட்டினாள், தண்ணீர் மொண்டு வந்தாள், கழுத்தைத் தடவினாள். எதற்கும் அசையவில்லை. கடைசியில் அதை அடித்துவிட்டு, அடித்த கையைப் பார்த்து அழுதாள். மழை பிடித்தது.

பெண் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, மிருகத்தின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. மழை பெய்தது. ஒரு இலை நுனியில் நீர் திரண்டு, தயங்கி, விழுந்தது. மணியின் விளிம்பில் சொட்டு சொட்டாக வழிந்தது. மிருகத்தின் மூக்கிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது, கலைந்தது, மறுபடி வந்தது. டி.வி. நின்றுவிட்டதோ என்று காந்திமதி எழப் பார்த்தாள். மழை மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஒரு படத்தில், அதுவும் பொம்மைப் படத்தில், இவ்வளவு நேரம் யாரும் எதுவும் செய்யாமல் இருக்க விடுவார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன. கடைசியாக அவை எப்போது சும்மா கிடந்தன என்று அவளுக்கு ஞாபகமில்லை.

பெண் மெல்லத் தலையைச் சாய்த்து, மிருகம் பார்க்கும் பக்கம் பார்த்தாள். அப்போதுதான் அந்த உயரத்திலிருந்து, அந்தக் கண்ணிலிருந்து பாலத்தைக் காட்டினார்கள். பலகைகளுக்கு நடுவில் இடைவெளி. இடைவெளியில், எங்கோ பாதாளத்தில் சுழன்று ஓடும் தண்ணீர்.

பசியில்லை, தாகமில்லை, பிடிவாதமில்லை. அது பயந்துபோயிருந்தது.

பெண் எழுந்து, தன் மேலங்கியைக் கழற்றி முதல் பலகையின் இடைவெளியை மூடினாள். மறுபடி உட்கார்ந்தாள், காத்திருந்தாள். மிருகம் ஒரு காலை எடுத்து வைத்தது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி, பூட்டைக் கையில் எடுத்தபோது அப்பாதுரை வாயைத் திறந்தார். "தண்..." என்று தொடங்கிய காந்திமதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் பூட்டோடு கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு பக்கத்திலிருந்து அந்த முகத்தை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அவர் உதடு கோணியது. நரம்பு புடைத்தது. ஹாரன் மறுபடி அடித்து, பிறகு வேன் போகும் சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. டைம் குடுங்கம்மா என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னது மாசக் கணக்கை இல்லை, இதைத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"ப..." என்றார். வியர்த்தது. "ப... ய... ம்."

இத்தனை மாதமாக அவள் கேட்டதெல்லாம் எழுந்துபோய் எடுத்துவரக்கூடிய பொருள்கள். இதை ஒரு நாளும் கேட்டதில்லை. எதைப் பார்த்துப் பயம், என்னைப் பார்த்தா, சாவைப் பார்த்தா என்று கேள்விகள் வாய் வரைக்கும் வந்தன. விழுங்கினாள். எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவி முடித்தார்கள்.

அப்பாதுரை இடது கையைத் தூக்கி அவள் கையைக் காட்டினார். "பூ... ட்டு."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கத்த முடியாத ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நெருப்புப் பிடித்தால், கீழே விழுந்தால், நெஞ்சு வலித்தால், யாரையும் கூப்பிட வழியில்லாமல் மதியம் வரை கதவையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் நாள் தவறாமல் வாயைத் திறந்தாரா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொங்கியது. கண்ணீரோடு அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் இடது கை அவள் தலைமேல் வந்தது.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பொன்னுசாமியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கு இன்னாக்கா," என்றான் அவன். "கதவத் தொறந்து வச்சு சேர வாசலாண்ட போடு. நான் பாத்துக்கினு இருக்கேன். ரோட்டுப் பக்கம் போனா புடிச்சுக்கறேன்."

மறுநாளிலிருந்து அப்பாதுரை வாசலில் உட்கார்ந்தார். பூட்டு அலமாரிக்குள் போயிற்று. போகிற வருகிற சனம் நின்று பேசிவிட்டுப் போனது. முதலில் அவர்களும் காந்திமதி மாதிரியே வார்த்தையை எடுத்துக்கொடுத்தார்கள். அவள் வீட்டிலிருக்கும் நேரங்களில் விரலை வாய்மேல் வைத்துக் காட்டுவாள். அவர்களும் நிற்கப் பழகினார்கள். தை மாதத்துக்குள் அவர் நாலைந்து வார்த்தை சேர்த்துச் சொன்னார். ஒவ்வொன்றும் பாலத்தில் வைக்கிற கால் மாதிரிதான் வரும். ஆனால் வரும்.

ஒருநாள் கோபு வீட்டுக்கே வந்து சொன்னான்: "அக்கா, இன்னிக்கு கடைசி கேசட்டு. மணி கோயிலுக்குப் போய்ச் சேரல. மீதி அவன் கொண்டாரவே இல்ல. ஆளு வேற கப்பலுக்குப் போய்ட்டான்."

காந்திமதி கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சரி கோபு. ஒரு உதவி பண்ணு. முடிஞ்சதும் எழுத்து ஓடும் பாரு, நீ எப்பவும் பாதியில நிறுத்திட்டுப் பாட்டுக்குப் போய்டற. இன்னிக்கு முழுசா ஓட விடு."

"அது வெறும் பேருங்கக்கா. படம் செஞ்சவங்க பேரு."

"அதான்."

அன்று கதை மேகம் சூழ்ந்த ஒரு கணவாயில் நின்றது. தூரத்தில் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு கறுப்புத் திரையில், மெல்லிய இசையோடு, வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கின. குச்சியும் கட்டமுமாக அவளால் படிக்க முடியாத எழுத்து. வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தன. இவர்களில் ஒருவர்தான் அந்த இலை நுனிச் சொட்டை வரைந்திருப்பார். இன்னொருவர் மிருகத்தின் மூச்சை. எந்த ஊரோ, என்ன சாதியோ, ஆணோ பெண்ணோ. கீழ்க்கட்டளை என்று ஒரு இடம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் அறியாமல் கை கூப்பியிருந்தாள்.

பக்கத்தில் அப்பாதுரை வாயைத் திறந்தார். அவள் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். எழுத்துகள் ஏறிக்கொண்டிருந்தன.

"எத்... தினி... பேரு," என்றார்.

"ஆமா மாமா," என்றாள் காந்திமதி.