நாலு மணி நேரம் தாங்கும்

ஆபீஸ்களுக்கு டெலிபோன் சிஸ்டம் பொருத்திக் கொடுப்பது அவன் தொழில். அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவனுடைய அபிப்பிராயம். வேறு யாரும் அப்படிச் சொல்லி அவனே கேட்டதில்லை. மச்சான் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி தொடங்கியபோது, "கரண்ட் போனா போன் எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார். பேட்டரியில் எழுதியிருந்த வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினான். சிஸ்டம் இழுக்கும் வாட்டால் வகுத்தான். "நாலு மணி நேரம். கண்ணை மூடிட்டு நம்பலாம்," என்றான்.

மச்சான் கண்ணை மூடவில்லை, சோதித்துக் காட்டச் சொன்னார். ஆபீஸ் பூட்டிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மச்சானுடைய நாற்காலியிலேயே தூங்கிப்போனான். எழுந்து பார்த்தால் நாலு மணி நேரம் தாண்டியும் பேட்டரிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தாலும் சரி, காய்ச்சல் பேச்சு வந்தாலும் சரி, அதைச் சுற்றி வளைத்துப் பேட்டரியில் கொண்டுவந்து நிறுத்தினான். மனைவி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மாமியார் மட்டும் பாவம், மரியாதைக்கு "அப்படியா மாப்பிள்ளை" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாமியாரைத்தான் அன்றைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். பாதி வழி ஏறியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கும்மிருட்டு. மாமியாருக்கு அடைசலான இடமே ஆகாது. மூச்சு வாங்க ஆரம்பித்தது, மருமகன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். செல்போனில் சிக்னல் இல்லை.

"பயப்படாதீங்க அத்தை. இது நம்ம மச்சான் கம்பெனி பார்க்கிற லிஃப்ட்தான். இதோ சுவத்துல போன் இருக்கு, எடுத்தா நேரா அவர் ஆபீஸுக்குப் போயிடும். அங்க பேட்டரி போட்டது யாரு?"

"நீங்கதான் மாப்பிள்ளை," என்றார் அவர், மூச்சுக்கு நடுவே. "சீக்கிரம் பேசுங்க, நெஞ்சு அடைக்குது."

எடுத்தான். பிஸி. மறுபடி எடுத்தான். மறுபடியும் பிஸி. கை வலிக்கும்வரை முயன்று, அரை மணி நேரத்துக்குப் பிறகு ஆபரேட்டர் பெண் கிடைத்தாள். அவள் குரலுக்குப் பின்னால் ஆபீஸின் எல்லா போன்களும் ஒரே சமயத்தில் அலறிக்கொண்டிருந்தன.

"சார், ஊர் பூரா கரண்ட் இல்ல, எல்லா லிஃப்டும் நின்னுபோச்சு, நீங்க எந்த..."

அவன் தலையில் இடி விழுந்தது. லிஃப்ட் கம்பெனிக்கு ஜனங்கள் எப்போது போன் செய்வார்கள்? கரண்ட் போனால்தானே! ஞாயிற்றுக்கிழமை வாய் மூடிக் கிடந்த போன்களை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார் மகா மேதை. அத்தனையும் சேர்ந்து மணியடித்தால் பேட்டரி என்ன ஆகும் என்று புத்தியில் உறைக்கவே இல்லை. அட மடையா, என்று தன்னையே திட்டிக்கொண்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"அதை விடும்மா," என்றான். "உன் பக்கத்துல சுவத்துல ஒரு பெட்டி இருக்கே, அதுல என்ன லைட் எரியுது? பச்சையா, சிவப்பா?"

"சிவப்பு சார். நீங்க யாரு பேசறது?"

"விட்டு விட்டு எரியுதா, விடாம எரியுதா? நல்லா பார்த்துச் சொல்லு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "விட்டு விட்டுத்தான் சார் எரிஞ்சுது. இப்ப..."

அதோடு லைன் செத்துப்போனது. காதில் இரைச்சல்கூட இல்லை.

"முக்கால் மணி நேரம்கூடத் தாங்கல," என்று அவன் வாய் தானாகவே கணக்குச் சொன்னது.

"மாப்பிள்ளை," என்றார் மாமியார் இருட்டில். "நாம எந்த பில்டிங்ல மாட்டிக்கிட்டிருக்கோம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

அவன் மெதுவாகத் தன் கையை அவரிடமிருந்து விடுவித்துக்கொண்டு, "யாராவது இருக்கீங்களா!" என்று கத்தியபடி கதவைக் குத்த ஆரம்பித்தான்.