நானூறு சதவீதக் குடை

அச்சக உரிமையாளர் சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் மண்ணைக் கவ்வியவர் முதலாளி. மூன்றாம் முறையும் தோற்றால் வீட்டில் மனைவி வாயைத் திறக்கவே வேண்டாம், ஒரு பார்வை போதும். அதனால், வாக்குச்சீட்டு அடிக்கும் வேலை குலுக்கலில் தன் அச்சகத்துக்கே விழுந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அவருடைய சின்னம் விரித்த குடை. எதிராளிக்கு சைக்கிள். சைக்கிளை நூல் போன்ற கோட்டில், மங்கலான சாம்பல் நிறத்தில் போடச் சொன்னார். குடை மட்டும் கன்னங்கரேலென்று கண்ணில் அறைய வேண்டும்.

"வெறும் கறுப்பு வேணாம். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலு மையையும் நூறு நூறு சதவீதமா ஏத்து."

மெஷின் ஓட்டும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தலையைச் சொறிந்தான். "மொத்தம் நானூறு ஆகுது மாமா. வழவழன்னு இருக்கிற ஆர்ட் பேப்பரே முந்நூறைத் தாண்டினா திணறும். இது சொரசொரப்பு. இருநூத்தி நாப்பதுக்கு மேல போனா மை காயாது."

"தேர்தல்ல நிக்கிறது நானா, தாளா?"

இதே கணக்கை வாடிக்கையாளர்களுக்கு விரல் நீட்டிப் பாடம் நடத்துபவர்தான். தன் குடை என்று வந்ததும் அத்தனையும் காற்றில் போயிற்று. மச்சான் தாள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தூவி, மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் காயவைத்தான். மேலே பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருந்தது.

தேர்தலன்று காலை பலர் முதலாளியின் தோளில் தட்டி, "இந்தத் தடவை நீங்கதான்" என்றார்கள். நீலப் பேனாவால் சின்னத்தின் மேலேயே டிக் அடிக்க வேண்டும், வெளியே பட்டால் செல்லாது. போன வருடம் அடம்பிடித்து இந்த விதியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். குடையின் மேல் பேனா வழுக்கியது. டிக் தெரியாததற்கு ஓட்டுப் போடும் மறைப்புக்குள் வெளிச்சம் போதாததுதான் காரணம் என்று நினைத்து, எல்லோரும் அழுத்திக் கீறி மடித்துப் போட்டார்கள். மடித்த இடத்தில் மை இழுகி, கீறலும் மறைந்தது.

வாக்கு எண்ணியவர் ஓய்வுபெற்ற பைண்டர். சைக்கிளுக்குப் பதின்மூன்று. குடைக்கு ஒன்றுமில்லை. டிக் இல்லாத சீட்டு நாற்பத்து நான்கு.

அச்சுக்காரர்கள் அல்லவா, ஆளுக்கொரு லென்ஸை எடுத்துக் குனிந்தார்கள். ஒருவர் கண்ணுக்கும் எதுவும் அகப்படவில்லை. "நாப்பத்திநாலு பேருக்கு எங்க ரெண்டு பேரையும் பிடிக்கல போலிருக்கு," என்று சிரித்தார் எதிராளி. காலையில் தோளைத் தட்டியவர்கள், குடைக்குப் போட்டோம் என்று மூச்சுவிடவில்லை. புதிய தலைவருக்குக் கை கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

இத்தனை பேர் முதலாளியை விரும்பியது வாழ்நாளிலேயே இதுதான் முதல் தடவை. அதை நிரூபிக்க ஒரு துரும்பும் கையில் இல்லை.

"என் ஓட்டை எனக்குத்தான்யா போட்டேன்! அது ஒண்ணையாவது சேருங்க!"

"தாராளமா சேர்த்துக்கறேன்," என்றார் பைண்டர். "எது உங்க சீட்டுன்னு எடுத்துக் குடுங்க."

முதலாளி லென்ஸோடு உட்கார்ந்தார். மச்சான் விளக்கை அருகில் பிடித்தான். விரலெல்லாம் மை அப்பிக்கொள்ள, நாற்பத்து நான்கு குடைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, மறுபடி முதல் சீட்டை எடுத்தார்.