மேசைமேல் மருந்துத் தொட்டி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்ததற்கு ஞானமும் காரணமில்லை, சமூக அக்கறையும் காரணமில்லை. என் எழுதும் மேசை பறிபோனதுதான் காரணம். நேர் வெயில் விழாத இடம், பக்கத்திலேயே மூன்று பிளக் உள்ள இடம், யாரும் இடித்துக்கொள்ளாத இடம் என்று தேடினால் எங்கள் வீட்டில் அந்த ஒரு மேசைதான் தேறும். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அளக்காமல் எதையும் செய்யமாட்டார். அளந்தார். என் காகிதங்களை ஒரு அட்டைப்பெட்டியில் அள்ளிப்போட்டார். ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, மடியில் வைத்து எழுதிக்கொண்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டார்.

ஆகவே மடியில் வைத்து எழுதுகிறேன். எதிரே தொட்டி. வேறு எதைப் பார்த்து எழுதுவது?

முதல் வரியாக இதை வைத்திருந்தேன்: 'கடலை நாம் வீட்டுக்குள் கொண்டுவரும்போது கடலின் துயரங்களும் கூடவே...'

அடித்துவிட்டேன். கடலின் துயரமாவது, மண்ணாங்கட்டியாவது. அடுத்த முயற்சி: 'அந்த மீனின் உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.' இது பரவாயில்லை, உண்மையும்கூட. ஆனால் யாருடைய மீன் என்று சொல்லாமல் புள்ளியைக் காட்டினால் உங்களுக்கு எப்படிப் பதறும்? மீனுக்குச் சொந்தக்காரியிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

மீன்கள் என் நாத்தனாருடையவை, அதாவது வீட்டுக்காரரின் தங்கையுடையவை. அவள் பிசியோதெரபிஸ்ட். ஒரு பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறாள். விடுதியில் கட்டிலுக்கே இடமில்லை, உப்புநீர்த் தொட்டிக்கு எங்கே போவது? அதனால் தன் பெரிய தொட்டியை எங்கள் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். உள்ளே கொஞ்சம் பாறை, ஒரு இறால், ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பெரியது பெண், சிறியது ஆண். அந்த இனத்தில் வீட்டம்மாவின் கைதான் ஓங்கியிருக்கும்.

(பெயர் வைக்கவில்லையா என்பீர்கள். பெரியவள், சின்னவன். அவ்வளவுதான். நாத்தனாருக்கு எதிலும் சிக்கனம்.)

அவளுக்கு ஒரு மோசமான காலம் இருந்தது. கல்யாணம் முறிந்து, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்த காலம். அப்போது அவளை எழுப்பி உட்காரவைத்தது நானும் இல்லை, அவள் அண்ணனும் இல்லை. பெரியவளுக்குத் தீனி போடவேண்டும் என்ற கட்டாயம்தான். இன்றும் ஃபோன் செய்தால் முதலில் பெரியவளைத்தான் விசாரிப்பாள், அப்புறம்தான் நாங்கள். இதில் எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் பொறாமை உண்டு.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே. வீட்டில் இருக்கிறவரையே போட்டுக்கொண்டேன்.

தங்கைக்கு ஒரு ஆச்சரியம் தருவதாக நினைத்து அவர் ஒரு மஞ்சள் மீனை வாங்கிவந்தார். புதிய மீனைச் சில வாரங்கள் தனியே வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றவற்றோடு விடவேண்டும். இது நாத்தனார் படித்துப் படித்துச் சொன்னது. இவர் வந்த கையோடு விட்டுவிட்டார். கடையில் அது பாவம் தனியாக நின்றதாம். மறுவாரம் மூன்று மீன்களுக்கும் புள்ளி. பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு அலைந்தன.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு வில்லன் ஆட்சேபம் தெரிவித்தார். லிஃப்ட் வேலை என்று போட்டால் ஆள் தெரிந்துவிடுமாம், பஸ் கண்டக்டர் என்று மாற்றவேண்டுமாம். மாற்றிப் பார்த்தேன்.* கண்டக்டர் எதற்கு ஸ்பேனரோடு மீன்தொட்டிமுன் நிற்கிறார் என்று எனக்கே புரியவில்லை. திரும்ப லிஃப்டுக்கே வந்துவிட்டேன்.

* கண்டக்டர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் செய்தார். தங்கை கேட்டபோது, எல்லாரும் அருமையாக இருக்கிறார்கள் என்று கூசாமல் சொன்னார். பெரியவளை வீடியோவில் காட்டச் சொன்னால் சிக்னல் சரியில்லை என்று ஃபோனை ஆட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். குணமாக்கிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் ஏற்பாடு.

4

வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர் விவரமாகச் சொன்னார். மருந்து தாமிரம் கலந்தது. நோய்க் கிருமியைக் கொல்லும்; ஆனால் இறாலையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதனால் பெரிய தொட்டியில் ஊற்றக்கூடாது. மீன்களை மட்டும் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றி அங்கேதான் வைத்தியம். பெரிய தொட்டியைப் பல வாரம் மீனில்லாமல் விட்டால் அங்கே மிச்சமிருக்கும் கிருமி பட்டினியில் ஒழியும்.

அந்த வேறு தொட்டிதான் என் மேசைமேல் வந்தது. அதில் மணல் கிடையாது. வெறும் கண்ணாடித் தரை. காற்றுக்குழாயோடு ஒரு பஞ்சு வடிகட்டி, ஒரு ஹீட்டர், மீன்கள் ஒளிந்துகொள்ளக் குளியலறைப் பைப் வாங்குகிற கடையில் வாங்கிய, முழங்கைபோல் வளைந்த எல்போ துண்டுகள். உப்பும் சூடும் பழைய தொட்டியில் இருந்தபடியே இருக்கவேண்டும் என்று வீட்டுக்காரர் சரிபார்த்துச் சரிபார்த்து என் உயிரை வாங்கினார்.

மீன் பிடித்த கதையை ஒரு அத்தியாயமாக எழுதலாம். வலையைக் கண்டதும் மூன்றும் பாறை இடுக்கில் போய்விட்டன. பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் வைக்கவேண்டியதாயிற்று. கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். வீட்டுக்காரர் தோள்வரை நனைந்து, பெரியவளிடம் விரலில் கடியும் வாங்கினார். வலிக்கவில்லையாம். பெரியவள் யாரென்று காட்டிவிட்டாள் என்று பெருமை வேறு.

(இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். தனியாகிப்போன இறாலை யாரோ இரக்கப்பட்டு மருந்துத் தொட்டிக்குக் கொண்டுவந்து விட, பழைய நண்பர்கள் கண்ணாடிக்குள் ஒன்றுசேரும் காட்சி. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இறால் செத்துடும்மா" என்றார். பத்தி போயிற்று.)

5

இனி சிரிப்புக் கொஞ்சம் குறையும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் மருந்து தங்கவில்லை. தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்துச் சோதனைத் திரவம் விட்டால் நல்ல நீலம் காட்டவேண்டும். சாயங்காலம் காட்டியது, காலையில் வெளுத்தது. மறுபடி மருந்து, மறுபடி வெளுப்பு. சோதனைத் திரவம் பழசாக இருக்கும் என்றார் கடைக்காரர். புதிது வாங்கினோம். அதுவும் வெளுத்தது. புள்ளிகள் பெருகின. பெரியவள் எல்போவுக்குள் படுத்துச் செவுளை வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த மனிதர் வாயடைத்தால் வீடு வீடாகவே இருப்பதில்லை.

என் தொழில்புத்தி என்ன செய்தது தெரியுமா? முடிவுகளைத் தயாரித்தது.

முடிவு அ: பெரியவள் இறக்கிறாள். நாத்தனார் ஊரிலிருந்து வருகிறாள், தொட்டிமுன் நிற்கிறாள், ஒன்றும் பேசவில்லை. (என் வாசகர்களுக்குப் பிடிக்கும். ஒரு தபால்காரர், இரண்டு டீச்சர்கள், ஒரு மாப்பிள்ளை என்று இதுவரை நிறையப் பேரைக் கடைசிப் பக்கத்தில் மேலே அனுப்பிவைத்தவள் நான்.)

முடிவு ஆ: பெரியவள் இறந்தபின் சின்னவன் மெல்லப் பெண்ணாக மாறி வீட்டுப் பொறுப்பை ஏற்கிறான். (கதைக்காகச் சொல்லவில்லை. அந்த மீனினத்தின் இயல்பே அதுதான்.)

முடிவு இ: பெரியவள் ஒரு நாள் காலையில்...

இ-யை எழுத முடியவில்லை. அ-வும் ஆ-வும் சரசரவென்று வந்தன, இ மட்டும் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தேன்.

6

நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் மீன், புள்ளி, சிக்னல் நாடகம், என் தலையாட்டல் உட்பட. அவள் கத்துவாள் என்று ஃபோனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தேன். கத்தவில்லை.

"தொட்டியில என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணா சொல்லுங்க அண்ணி."

எழுதுகிறவளிடம் வர்ணிக்கச் சொன்னால் கேட்கவேண்டுமா? ஹீட்டர், பஞ்சு வடிகட்டி, வெள்ளை எல்போக்கள் என்று வரிசையாகச் சொல்லிவந்து, மூலையில் ஊதா படர்ந்த, உள்ளங்கை அகலத்தில் ஒரு அழகான கல் என்று முடித்தேன்.

"கல்லா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

பெரியவளுக்கு வெறும் பைப்பில் தூக்கம் வராது என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. பழைய தொட்டியில் அவள் ஒட்டிப் படுக்கும் கல்லை எடுத்துவந்து மூலையில் வைத்திருக்கிறார். நானும் அதை முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தொட்டிக்கு ஒரு அழகு என்றுகூட நினைத்தேன்.

கல் தாமிரத்தைக் குடித்துவிடும். அதனால்தான் மருந்துத் தொட்டியில் மணலும் பாறையும் கூடாது. எங்களைத் தவிர மீன் வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாத்தனார் அண்ணனிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னாள்.

"அண்ணா, நீ மருந்து குடுத்தது மீனுக்கா, கல்லுக்கா?"

அவர் அசடு வழியத் தொட்டிக்குள் கையை விட்டார். கல் வெளியே வந்தது. இனி அதைப் பெரிய தொட்டியிலும் போடமுடியாது, குடித்த மருந்தைக் கக்கி இறாலைக் கொன்றுவிடும் என்றாள். அப்புறம் ஃபோன் மறுபடி என்னிடம் வந்தது. அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஏன் அண்ணி முன்னாடியே சொல்லல? நான் தாங்கமாட்டேன்னு நெனச்சீங்களா?"

ஆமாம் என்றேன். அப்படித்தான் நினைத்தோம். இருவரும் சேர்ந்து கொஞ்சம் அழுதோம். அழுதபடியே, மருந்தை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொன்னாள்.

7

இப்போது நீலம் வெளுக்கவில்லை. சின்னவன் உடம்பு சுத்தமாகிவிட்டது. மஞ்சள்காரன், இத்தனை கலவரத்துக்கும் காரணமானவன், வெட்கமில்லாமல் இரண்டு பேர் தீனியைத் தின்கிறான். பெரியவளுக்கும் புள்ளிகள் உதிர்ந்துவருகின்றன. ஆனால் இன்னும் வாய் திறக்கவில்லை. தின்றால் பிழைத்துக்கொள்வாள், இல்லையென்றால் எந்த மருந்தும் பிரயோஜனமில்லை என்று நாத்தனாரே சொல்லிவிட்டாள். ஆகவே முடிவு இ ஒரு வாய்த் தீனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வரியை எழுதும்போது அவள் வீடியோவில் இருக்கிறாள். என் இடது கையில் ஃபோன், வலது கையில் பேனா. சிக்னல் பிரமாதமாக இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரே ஒரு துணுக்குத் தீனியைத் தண்ணீரில் விட்டார். அது மெதுவாக இறங்கியது. பெரியவள் எல்போவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பெரியவள் முழுதாக வெளியே வந்தாள், துணுக்கின் பக்கம் திரும்பினாள், அப்புறம்...

அப்புறம் இந்த மனிதர் ஆர்வம் தாங்காமல் குறுக்கே தலையை நீட்டிவிட்டார். எனக்குத் தெரிந்தது அவர் பின்மண்டை. ஃபோனில் நாத்தனாருக்குத் தெரிந்ததும் அதே பின்மண்டைதான்.

"தின்னுட்டா" என்றார். குரல் உடைந்திருந்தது. திரும்பிய முகத்தில் கண்ணீரும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. துணுக்கைக் காணோம். ஆனால் மஞ்சள்காரனும் அந்தப் பக்கம்தான் இருந்தான், எதையோ மென்றுகொண்டு.

"அண்ணன் சொல்றது இருக்கட்டும்" என்கிறாள் நாத்தனார். "அண்ணி, நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும், தொழிலே அதுதான். அவளிடம் மட்டும் இனி அது முடியாது. இவர் பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகமா என்று தெரியவில்லை. நீங்கள் இவ்வளவு நேரமும் எங்கள் கூடவே இருந்தீர்கள், உங்கள் பக்கத்தை எந்த மண்டையும் மறைக்கவில்லை. ஃபோனை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன். அவள் காத்திருக்கிறாள். பார்த்ததைச் சொல்லுங்கள். காற்று மோட்டார் கொஞ்சம் இரைகிறது, சத்தமாகவே சொல்லுங்கள்.