ஒரே எலும்பு

மருத்துவப் பள்ளியில் பதினொரு வருடம் பிணம் அறுத்தவன் நான். ஆசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஆயிரம் வருடத்துப் பழைய புத்தகத்தை வாசிப்பார். கீழே நான் அறுத்துக் காட்டுவேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். கத்தியைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

கீழ்த்தாடையில் இரண்டு எலும்பு, நடுவில் மூட்டு என்றது புத்தகம். முதல் பிணத்திலேயே பார்த்துவிட்டேன், ஒன்றுதான். சொன்னேன். "இந்த உடம்பு சரியில்லப்பா, வேற கொண்டா" என்றார். அட, புத்தகம் தப்பாகுமா? பிணம்தான் தப்பு! அடுத்ததிலும் ஒன்றுதான். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. எதற்கு வம்பு என்று, அதன் பிறகு வகுப்புக்கு முன்பே உளியால் நடுவில் ஒரு தட்டு தட்டி வைத்துவிடுவேன். எனக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி.

வெளியூர்களில் சில ஆசிரியர்கள் தாங்களே அறுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, "வேலை வெட்டி இல்லாதவங்க" என்று சிரித்தார்.

அந்த வருடம் என் தம்பி ஏணியிலிருந்து விழுந்தான். வாயை மூட முடியவில்லை. இடது கன்னம் வீங்கிவிட்டது. ஆசிரியர் தாமாகவே வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நடு மூட்டு விட்டுப்போச்சு. ரெண்டு பக்கமும் துளை போட்டுக் கம்பியால இறுக்கணும்" என்று துளைக்கருவியை எடுத்தார். தம்பி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் நல்ல எலும்பில் ஓட்டை விழும்.

"ஐயா, அங்க மூட்டே கிடையாது. முறிஞ்சது கன்னத்துப் பக்கம்."

"உளறாதே. வருஷா வருஷம் நீயே காட்டினியே, கண்ணால பார்த்தேனே!"

"நான்தான் உளியால உடைச்சு வச்சேன் ஐயா. எல்லாத்தையும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. துளைக்கருவியைக் கீழே வைத்தார். பிறகு விரலால் தம்பியின் தாடையை ஒரு காதிலிருந்து மறு காது வரை தடவினார். இடப்பக்கம் தொட்டதும் அவன் அலறினான். அங்கேதான் கட்டுப் போட்டார்.

கதவருகே நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார். "இதுக்கு முன்னாடி ஏழு பேருக்கு நடுவுல துளை போட்டேன். ரெண்டு பேர் சீழ் வச்சுச் செத்துட்டாங்க. அப்பல்லாம் தலைய அசையாம பிடிச்சுக்கிட்டது நீதானே?"

"ஆமாங்க ஐயா" என்றேன்.