ஆடாத சக்கரம்

பின்பனிக் காலம் விடைபெற மனமின்றித் தயங்கி நின்றது. வைகறையில் இறங்கிய பனி, ஞாயிறு எழுந்து நெடுநேரம் ஆன பின்னும் கூரைகளின்மேல் வெண்துகிலாய்ப் படிந்து கிடந்தது. மரங்கள் பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டன. புதிய தளிர் இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் இல்லை, போனதும் இல்லை என்ற அந்த இடைவெளியில், பறவைகள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசின.

அப்படிப்பட்ட காலைப்பொழுதில், தந்தையின் உடல் வீட்டுக் கூடத்தில் கிடக்க, மகள் அடுத்த தெருமுனைப் பட்டறையின் இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வேறொரு வண்டி ஏற்பாடு செய்திருப்பதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார். தம்பியின் காரை எடுத்தால் இறுதி ஊர்திக்குப் பின்னால் அது ஆடிக்கொண்டு வருவதை ஊரே வேடிக்கை பார்க்கும் என்பது அவர் கவலை. அம்மா சுவரில் சாய்ந்தபடி ஒரே ஒரு சொல் சொன்னாள். “நான் வந்தா அவர் வண்டியிலதான் வருவேன்.”  மகள் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

அப்பா தொழிலால் ஓட்டுநர். ஒரு நிறுவனத்தின் பெரிய மனிதர்களைத் தலைமயிர் நரைக்கும்வரை ஏற்றி இறக்கியவர். அவர் கை பட்டால் வண்டி ஓடுவதே தெரியாது என்பார்கள். “பின்சீட்டுக்காரர் தூங்கிட்டா, அதுதான் எனக்குச் சம்பளம்” என்று சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகு, பிறர் ஓட்டிக் கழித்த கார் ஒன்றைத் தனக்கென்று வாங்கினார். டயர்கள் தேய்ந்திருந்ததால் முதல் வாரமே புதியவை மாற்றினார். பிடித்தது சனி. வேகம் கூடியதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. உறவினர்கள் அதற்கு ‘நாட்டியக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். “ஊரான் வண்டியெல்லாம் ஓட்டினவன், சொந்த வண்டியில ஏமாந்துட்டான்” என்று பெரியப்பா விசேஷத்துக்கு விசேஷம் சொல்லி மகிழ்ந்தார்.

பட்டறை பட்டறையாக அப்பா ஏறி இறங்கினார்; மகளும் உடன் போனாள். ஒருவர் சக்கரத்தை இயந்திரத்தில் சுழற்றி, ஈயத்துண்டு ஒட்டி, தீர்ந்தது என்றார். ஒருவர் முன்சக்கரங்களின் கோணத்தைத் திருத்தினார். ஒருவர் பேரிங்கை மாற்றினார். இன்னொருவர் சாலைமேல் பழி போட்டார். கடைசியாக ஒருவர், பெரியவருக்குக் கை நடுங்குகிறது போலும் என்று மகளிடம் தனியே சொன்னார். அது அப்பாவின் காதிலும் விழுந்தது. அவர் கோபப்படவில்லை. விளிம்புவரை தேநீர் நிறைந்த ஒரு குவளையைக் கேட்டு வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, அப்படிச் சொன்னவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நீர்மட்டம் அசையவில்லை. பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “டீ நல்லாருக்கு” என்று சொல்லிக் கிளம்பினார். அந்த நடையை மகள் இன்றும் கண்முன் காண்கிறாள். அரசர் எழுந்து போவதுபோல் இருந்தது.

கதவு திறந்தது. பட்டறைக்காரர் செய்தி அறிந்திருந்தார். எண்ணெய் படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிவதாக இல்லை. கார் உள்ளே இரண்டு முன்சக்கரங்களும் இல்லாமல் முட்டுக்கட்டையின்மேல் நின்றது.

“அண்ணன்தாம்மா கண்டுபிடிச்சாரு” என்றார். “ரெண்டு சக்கரத்தையும் கழட்டிப் பக்கத்துல பக்கத்துல வைன்னாரு. இத்தனை கடையில ஒருத்தனும் அப்படி வச்சுப் பாக்கல. நானும்தான்.”

வலது சக்கரத்தைப் புரட்டிக் காட்டினார். அதன் நடுத்துளையில் கறுப்பு நிறத்தில் ஒரு வளையம் பொருந்தியிருந்தது. விளிம்பில் சின்னச் சின்னக் காதுகள். இந்தச் சக்கரங்கள் வேறு வகை வண்டிக்குரியவை, துளை பெரியது, அச்சுமுனை சிறியது, இடைவெளியை நிரப்ப இந்த வளையம் வேண்டும் என்று விளக்கினார். இயந்திரம் சக்கரத்தைத் தானே நடுவில் பிடித்துக்கொள்வதால் குறை காட்டாது. வண்டியில் மாட்டும்போதுதான் அது நூலளவு தள்ளி உட்காரும். இடது பக்க வளையம் டயர் மாற்றிய நாளில் கழன்றிருக்க வேண்டும்.

“புதுசு வரவழைக்கிறேன்னேன். அண்ணன் இந்த வளையத்தையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சாரு. இது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், நானே கொண்டு வரேன், அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை இருக்குன்னு போனாரு.” அவர் நிறுத்தினார். “அவ்வளவுதாம்மா.”

மகள் வளையத்தை விரலால் தடவினாள். அந்தக் காதுகளை அவள் நாள்தோறும் பார்த்திருக்கிறாள்.

வீட்டில் மாடத்து விளக்கு அடிப்பகுதி நசுங்கி எப்போதும் ஆடும். எதையும் எறிய மனம் வராத அம்மா, டயர் மாற்றி வந்த அன்று காரைத் துடைக்கும்போது பின்பெட்டியில் பழைய சக்கர மூடிகளோடு கிடந்த வளையம் ஒன்றை எடுத்து வந்து விளக்கின் அடியில் வைத்தாள். விளக்கு ஆட்டம் நின்றது. அன்றிலிருந்துதான் சக்கரம் ஆடியது.

கூடம் நிறைந்த மனிதர்களைக் கடந்து மகள் மாடத்தின் அருகே போனாள். அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துவிட வேண்டும் என்பதே அவள் எண்ணம். இந்த நாளில் அந்தச் சுமையும் அம்மாவுக்கு வேண்டாம். சுடரைக் கையால் மறைத்து, விளக்கை மெல்லத் தூக்கினாள். பின்னால் மூச்சுக் கேட்டது.

“அது வண்டியோடதா?” என்றாள் அம்மா.

மகள் தலையசைத்தாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருக்கும்மா. பாத்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சாராம்.”

 அம்மா விளக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். “சிரிச்சிருப்பாரு” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. போ, போய் மாட்டிட்டு வா.” ஒரு துணியை மடித்து மாடத்தில் வைத்து, அதன்மேல் விளக்கை நிறுத்தினாள். அது ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது.

பட்டறையில் வளையம் சிறு ஓசையோடு தன் இடத்தில் அமர்ந்தது. நட்டுகளை மகளே முடுக்கினாள். ஒன்றை முடுக்கியபின் அடுத்ததற்குப் போகாமல் எதிர்ப்பக்கத்தை முடுக்குவது அப்பாவின் முறை. அவள் அதில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. பட்டறைக்காரர் தள்ளி நின்று பார்த்தார்.

ஊர்தி புறப்பட்டது. பின்னால், மகள் ஓட்ட, அப்பாவின் கார். அம்மா பின்சீட்டில், பெரியப்பா முன்சீட்டில், கதவின் மேல்பிடியை இறுகப் பற்றியபடி. தெருக்களைக் கடந்து ஊர்தி புறவழிச் சாலையில் ஏறி வேகம் எடுத்தது. மகளும் எடுத்தாள். நடுக்கம் எழும் வேகம் அவள் உள்ளங்கைக்குத் தெரியும். அது நெருங்கியது; வந்தது; கடந்து போனது. ஸ்டீயரிங் தூங்கும் குழந்தையின் மார்பைப் போல அமைதியாய்க் கிடந்தது. அவள் தோள்கள் தாமாகவே நிமிர்ந்தன. ஓட்டுநர் மகள் என்று அவளைப் பள்ளியில் கேலி செய்தவர்கள் எல்லாரும் இப்போது சாலையோரம் வரிசையாய் நின்று பார்த்தால் தேவலை என்று தோன்றியது.

பெரியப்பாவின் கை பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. இரவெல்லாம் தம்பியின் அருகே கண்விழித்திருந்தவர், தலை சாய்த்து உறங்கிப்போயிருந்தார்.

மகள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். உதட்டோரம் சற்றே விரிந்திருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பிய மாலையில், பாத்திரக் கடைக்காரர் வாசலில் நின்றார். கையில் தாளில் சுற்றிய ஒரு பொருள்.

“சாரு அளவு குடுத்துட்டுப் போனாரு” என்றார். “வீட்டு விளக்கு ஆடக்கூடாது, அடிக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க, அது வந்ததும்தான் இன்னொண்ணை எடுக்கணும்னாரு. அப்ப எனக்கு ஒண்ணும் புரியலம்மா.”

தாளுக்குள் பித்தளையில் ஒரு சிறு பீடம். நசுங்கிய அடிக்கு ஏற்றபடி அதன் உட்பக்கம் குடையப்பட்டிருந்தது.

அம்மா அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். மாடத்திலிருந்த துணியை எடுத்துவிட்டுப் பீடத்தை வைத்தாள். அதன்மேல் விளக்கை வைத்து, எண்ணெய் வார்த்து, திரியைத் தூண்டினாள். சுடர் ஒருமுறை சிலிர்த்து நிமிர்ந்தது. பின் அசையவே இல்லை. அவள் வழக்கமாய்ப் பாடும் துதியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். மகள் கார்ச் சாவியைப் பீடத்தின் அருகே வைத்துக் கைகூப்பினாள். பெரியப்பா கதவருகே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

துதி முடிந்ததும் அம்மா சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினாள்.

“நல்லா இரு. உன் வண்டியில ஏறுறவங்க எல்லாரும் நிம்மதியாத் தூங்கட்டும்.”