உச்சிப் பாடு

மோகன்குமார் மஸ்கட்டிலிருந்து ஊர் திரும்பியபோது கத்திரி வெயில் ஏரிக்கரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பஸ் திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குப்பத்தில் இறங்கியதும் யாரோ, "இன்னா மோகனு, வெயிலு எப்பிடி?" என்று கேட்டார்கள். "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்றான். அதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

மூடவில்லை. மீன் ஏலம் போடும் கொட்டகையில் உட்கார்ந்து ஊருக்கே பாடம் எடுத்தான். அங்கே கோடையில் குழாயைத் திறந்தால் டீ போடுகிற சூட்டில் தண்ணீர் கொட்டுமாம். அதனால் கீசரை அணைத்துவிட்டு, அதற்குள் தேங்கி ஆறிய தண்ணீரில்தான் குளிப்பார்களாம். பஸ் ஸ்டாப்புக்குக்கூட ஏசி உண்டாம். வசதியானவர்கள் காரைவிட்டு இறங்கவே மாட்டார்களாம். கடை வாசலில் நின்று ஹாரன் அடிப்பார்களாம், கடைக்காரன் ஓடிவந்து ஒரு பாக்கெட் பாலை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு ஓட வேண்டுமாம். உச்சி நேரத்தில் வெளியே வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம்.

"அப்ப உச்சி நேரத்துல நீ இன்னா பண்ணுவ?" என்று கேட்டார் ஊர்த் தலைவர் துளசிங்கம்.

"சட்டமெல்லாம் மத்தவங்களுக்கு பெரிப்பா. எனக்கு எப்பவும் வேலைதான்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான். நாலு வருஷமாக அவன் வேலை பார்த்தது மீன் கம்பெனியின் குளிர்கிடங்கில். உள்ளே ரெண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, கையில் உறை என்று உருண்டு திரண்டு, மூக்கு நுனி மரத்துப்போக மீன் பெட்டி அடுக்கினான். வெயிலை அவன் பார்த்ததெல்லாம் கம்பெனி வேனின் கண்ணாடி வழியாகத்தான். போன புதிதில் மனைவி பூவிழி போனில், "வெயிலு ரொம்பவா?" என்று கலங்கினாள். ஐஸ் பெட்டிக்குள் நிற்கிறேன் என்று சொல்ல ஆம்பிளைக்கு வாய் வருமா? சளி கட்டிய தொண்டையோடு, "கொளுத்துது" என்று சொல்லிவைத்தான். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரிடமும் அவள் வெட்டிவேரும் நன்னாரியும் பருத்தித் துண்டும் கொடுத்தனுப்பினாள். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு கம்பளி.

இப்போது அந்தக் கம்பெனியும் இழுத்து மூடியாகிவிட்டது. திரும்பிப் போக வழியில்லை என்பது அவனுக்கும் பூவிழிக்கும் மட்டுமே தெரியும். இனி வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் பாடு வேண்டும். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொடுக்கும் முறைதான் பாடு. வெளிநாடு போனவன் பாடு பங்காளிக்குப் போகும். திரும்பி வந்தவன் ஊர் பார்க்க ஒரு முறை தானே தண்ணீரில் இறங்கி, வலை கட்டி, நின்று, தூக்கிக் காட்டினால்தான் அது மறுபடி அவன் பேருக்கு வரும். இத்தனை வருஷமும் மோகன்குமாரின் பாடு அவன் சித்தப்பா மகன் ரமேஷிடம் இருந்தது. ரமேஷும் அதில் நன்றாகவே பிழைத்துவந்தான்.

ஊர் கூடியது. விடியல் பாடு ஒன்றும் உச்சி நேரத்துப் பாடு ஒன்றும் மிச்சம் இருந்தன. கத்திரியில் உச்சிப் பாடு என்றால் அவனவன் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்ப்பான்.

ரமேஷ் எழுந்தான். முகத்தில் பாசம் வழிந்தது. "உச்சிப் பாடு அண்ணனுக்குக் குடுங்க. அங்க பாத்த வெயிலுக்கு இது நெழலு மாதிரி. இன்னாண்ணே?"

எல்லோரும் மோகன்குமாரைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. ஆனால் அந்த வாயை ஏற்கெனவே வேறு வேலைக்குச் செலவழித்துவிட்டான். "அதுக்கென்ன" என்றான்.

வீட்டுக்கு வந்தால் அங்கே அதற்கு மேல் புழுக்கம். மேலே தொங்கிய ஃபேனின் இறக்கைகளில் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அவன் வந்த நாளிலிருந்து பூவிழி அதைத் தொடவே இல்லை. கேட்டால், "பழகிடுச்சு" என்றாள். கரண்டு பில்லுக்குப் பயந்து சாகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். இதெல்லாம் ஒரு வெயிலா என்று ஊரெல்லாம் சொன்னவன், வீட்டில் போய் ஃபேன் போடச் சொல்ல முடியுமா? விசிறிக்கொண்டே படுத்தான்.

மறுநாள் உச்சியில் தலைப்பாகைகூட இல்லாமல் ஏரியில் இறங்கினான். துண்டு கட்டினால் கௌரவம் என்னாவது? கழிகளை ஊன்றினான், வலையைக் கட்டினான். இடுப்புக்குக் கீழே வெந்நீர், மேலே நெருப்பு. வலையில் இறால் ஏறும்வரை நிற்க வேண்டும். கரையில் பாதி ஊர் நின்றது. கூழ்த் தூக்கோடு பூவிழியும் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணுக்கு ஒரு கழி ரெண்டாகத் தெரிந்தது, பிறகு நாலாக. நாலில் எதைப் பிடிப்பது என்று யோசித்தபடியே சாய்ந்தான்.

ரமேஷ்தான் பாய்ந்து தூக்கினான். பாவம், நல்லவன்தான், பாடு விஷயத்தைத் தவிர. கரையில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நினைவு வந்தும் வராமலும், மோகன்குமார் பழக்க தோஷத்தில் கத்தினான்: "டேய், கதவ மூடுங்கடா! குளுரு வெளிய போவுது!"

துளசிங்கம் குனிந்து, "எந்தக் கதவுடா?" என்றார்.

இனி மறைத்து என்ன பயன்? குளிர்கிடங்கு, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா எல்லாம் வெளியே வந்தன. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஏலக்கொட்டகை நாய்கூட எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனது. பூவிழி மட்டும் சிரிக்கவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஊர் சிரித்ததைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

"வலைய தூக்கறதுக்குள்ள சாஞ்சிட்ட. கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான்" என்றார் துளசிங்கம். "மார்கழில விடியப் பாடு ஒண்ணு வரும். பனிக்கு ஒருத்தனும் எறங்க மாட்டான். நீ அதுல நின்னு தூக்கு, பாடு உம்பேருக்கு வந்துடும்."

"அதுவரைக்கும் சோத்துக்கு இன்னா பண்றது பெரிப்பா?"

"ஆரம்பாக்கத்துல ஐஸ் கம்பெனில ஆளு கேக்குறாங்க."

வீட்டுக்குள் அவன் தயங்கித் தயங்கி நுழைந்தபோது, பூவிழி ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பூவு, நான் வந்து..."

"நீ அங்க வெயில்ல வேவுறியேன்னு நாலு வருசமா இத நான் போடல. நீ வேவும்போது எனக்கு மட்டும் இன்னா காத்து வேண்டிக்கிடக்குதுன்னு."

வெட்கத்தில் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டான்.

பூவிழி சுவிட்சைத் தட்டி ஃபேனை ஐந்தில் வைத்தாள். அது முனகி, திணறி, பிறகு வேகமாகச் சுற்றியது. நாலு வருஷத் தூசி மொத்தமும் அவன் தலையில் கொட்டியது. அவள் துடைத்துவிடவில்லை. பெட்டியைத் திறந்து, அடியில் அவன் ஒளித்துவைத்திருந்த ஸ்வெட்டரைத் துழாவி எடுத்து, அவன் மடியில் போட்டாள்.

"போட்டுக்க. காத்து அடிக்குது, குளுரப் போவுது."