அடைக்கலராஜின் ஒறுத்தல்

எழுபத்தெட்டாம் வருஷம் சாம்பல் புதனன்று, நெற்றியில் பூசிய சாம்பலோடு வீட்டுக்கு வந்த அடைக்கலராஜ், பெண்டாட்டி ஜோசப்பினிடம் சொன்னான்: “இந்தத் தவக்காலத்துக்கு வெட்டிப்பேச்சை ஒறுத்தல் பண்ணப்போறேன். தேவையானத மட்டும் பேசு. மத்ததெல்லாம் ஈஸ்டருக்கு அப்புறம்.”

அவர்களுடைய மலையூர் அட்டுவம்பட்டியில் அவனவன் கறியை விடுவான், பீடியை விடுவான், சாராயத்தை விட்டுவிட்டு வீட்டில் எரிந்து விழுவான். இவன் பேச்சை விட்டான். கறிக்குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ள முடியாதவன், தோதான ஒறுத்தலாகப் பார்த்துப் பிடித்துவிட்டான் என்று ஜோசப்பினுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

காரணம் வேறு. ஏரிப் பக்கத்து ஹோட்டலில் டீயும் சாப்பாடும் பரிமாறும் பேரர் அவன். சீசனுக்கு முன்னால் பேரர்களில் ஒருவனை மற்றவர்களுக்கு மேலாளாக, கேப்டனாக்கப் போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். கெஸ்ட் யாரோ விட்டுப்போன முன்னேற்றப் புத்தகம் ஒன்றும் கையில் சிக்கியது. மனுஷனைக் கெடுப்பது வீண்பேச்சு என்று அதில் போட்டிருந்ததாம். சோலி முடிந்து வந்ததும் கண்ணாடி முன் நின்று இங்கிலீஷ் பழகுவான். சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவான். ஜோசப்பின் வாயைத் திறந்தால், போலீஸ்காரன் லாரியை நிறுத்துவது மாதிரி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவான்.

அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகல் முழுக்கக் கான்வென்ட் விடுதியில் துணி தேய்க்கிறாள். இஸ்திரிப் பெட்டியோடா பேசுவாள்? உருளைக்கிழங்கு என்ன விலை, யார் வீட்டு மாடு யார் கேரட்டை மேய்ந்தது, மழை வருமா வராதா, சாயங்கால அடுப்படியில் இதைப் பேசினால்தான் அவளுக்கு அந்த நாள் முடியும். அதைப் போய் வெட்டி என்கிறான்!

இரண்டாம் வாரம் விடுதி மதர் அவளைக் கூப்பிட்டார். “ஆயா வேலை காலியா இருக்கு, நிரந்தரம். ஆனா ராத்திரியும் பிள்ளைகளோடயே தங்கணும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிக்கலாம். ஈஸ்டருக்குள்ள சொல்லு” என்றார்.

ஜோசப்பினுக்குப் போக மனசில்லை. ‘அதெல்லாம் வேணாம், நீ இங்கேயே இரு’ என்று அவன் வாயால் கேட்க ஆசை. நேராகக் கேட்டால், நிரந்தர வேலையை விடாதே என்றுவிடுவானோ என்று பயம். அந்த வீட்டில் பெரிய விஷயம் எதுவும் நேராக வந்ததில்லை. குளிரில் தொடங்கி, கிழங்கு விலையில் சுற்றித்தான் வரும்.

“ஏங்க, இன்னிக்கி மன்னவனூர் பஸ்சு வெள்ளனே வந்திருச்சு...”

கை உயர்ந்தது. “இது தேவையா?”

மறுநாள், “மதர் இன்னிக்கி ஒரு மாதிரி சிரிச்சாங்க” என்று தொடங்கினாள். மறுபடி கை. அவள் சட்டி மூடியை ஓங்கிப் போட்டாள்.

“செவுத்தக் கட்டிக்கிட்டிருந்தாக்கூட எதிரொலியாச்சும் வந்திருக்கும்!”

அவன் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினான்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் அவளால் தாங்க முடியவில்லை. எப்படியும் சொல்லிவிடுவது என்று மத்தியானம் ஹோட்டலுக்கே போனாள். புல்வெளியில் அடைக்கலராஜ் ஒரு மெட்ராஸ் அம்மாளுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

“ராத்திரி குளிர் தாங்குச்சுங்களாம்மா? பாப்பாவுக்குச் சளி எப்படிங்க இருக்கு? எங்க ஊரு மழை இப்படித்தாங்க, சொல்லிக்கிட்டு வராது.”

மலைப்பாதை வளைவுகளில் தான் வாந்தி எடுத்த கதையை அந்த அம்மாள் நீட்டி முழக்கினாள். அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். “அடடா... அடடா” என்றான்.

ஜோசப்பினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ‘அடடா’ அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில் அவள் கேட்டுப் பழகியது. எவளோ ஒருத்தியின் வாந்திக்கு அதைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், பாவி! கூப்பிடாமலே திரும்பினாள். நேராகக் கான்வென்டுக்குப் போய், “வாரேன் மதர்” என்று சொல்லிவிட்டாள்.

ஈஸ்டர் பூசை முடிந்து கறியோடு வந்தவனுக்கு வாய் கொள்ளவில்லை. “ஏ புள்ள, கேப்டனாக்கிட்டாங்க! கறி வாங்குற எடத்துல என்னா கூட்டம் தெரியுமா...” வாசலில் அவள் கட்டி வைத்திருந்த துணிப்பெட்டியைப் பார்த்ததும் நின்றான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“இதை எங்கிட்ட ஏன்டி சொல்லல? இது தேவையான பேச்சில்லையா?”

“கெழங்கு வெலையக் கேட்டிருந்தா இதுவும் வந்திருக்கும்.”

அவன் முகம் தொங்கிப்போனது. “போகாத, ஜோசப்பின். இனிமே பேசுறேன். அங்க ராத்திரியில யாருகூடப் பேசுவ?”

“ஹால் நெறையப் பொம்பளப் பிள்ளைக. வெளக்கணைச்சாலும் ஒண்ணுக்கும் வாய் ஓயாதாம். அதுகள வாய மூட வைக்கத்தான் ஆயா வேணுமாம்.” பெட்டியைத் தூக்கினாள். “நான் மூட வைக்க மாட்டேன்.”